டிரான்ஸ்மிட்டரின் வெளியீட்டுத் திறனைத் தானாகக் கட்டுப்படுத்தும் சுற்று: புதியவர்களுக்கான வழிகாட்டி

டிரான்ஸ்மிட்டரின் முகப்பிலுள்ள திறன் குமிழை 5 வாட்டில் நிறுத்திவிட்டால் ஆன்டெனாவுக்கு எப்போதும் 5 வாட்தான் போகும் என்று இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் எண்ணுவது இயல்பு. உண்மையில் அந்தக் குமிழ் பெருக்கியை நேரடியாகத் தொடுவதே இல்லை. எவ்வளவு திறன் வேண்டும் என்பதைச் சொல்லும் ஒரு மின்னழுத்தத்தை மட்டுமே அது மாற்றுகிறது. வெளியே போகும் திறனின் சிறு பங்கை எடுத்து அளந்து, அந்த மின்னழுத்தத்துடன் ஒப்பிட்டு, மிகுந்தால் குறைத்தும் குறைந்தால் கூட்டியும் சரிசெய்யும் வேலையை உள்ளே இருக்கும் பின்னூட்ட வளையம் செய்கிறது. குரல் ஒலிபரப்புக் கருவிகளில் இதை ஏ.எல்.சி. (தானியங்கி அளவுக் கட்டுப்பாடு) என்றும், கைக்கருவிகளில் பெரும்பாலும் ஏ.பி.சி. (தானியங்கித் திறன் கட்டுப்பாடு) என்றும் அழைப்பார்கள். பெயர் வேறானாலும் தத்துவம் ஒன்றே.

இந்த வளையம் கட்டுப்படுத்துவது வெளியே போகும் திறனை அல்ல, அதை அளக்கும் பகுதியான டிடெக்டருக்குத் தெரியும் திறனை. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு படிக்கும் காரணம் விளங்கும். டிடெக்டர் தவறாகப் பார்த்தால் வளையம் அந்தத் தவற்றையே மிகத் துல்லியமாக நிறைவேற்றும்.

எடுத்துக்காட்டாக, 13.8 வோல்ட்டில் இயங்கி 50 ஓம் சுமைக்கு 5 வாட் தரும் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது மோர்ஸ் அல்லது பண்பலைக்கானது, அதாவது சமிக்ஞையின் உயரம் மாறாதது. ஒற்றைப் பக்கப்பட்டை (எஸ்.எஸ்.பி.) முறையில் அனுப்பும் குரலுக்கு வேறு கவனங்கள் தேவைப்படுவதால் அதைப் பின்னர் தனியாகப் பார்ப்போம்.

வளையம் இல்லாமல் முதல் அளவீடு

சுற்று எதையும் கட்டுவதற்கு முன், டிரான்ஸ்மிட்டர் கட்டுப்பாடின்றி எப்படி நடந்துகொள்கிறது என்பதை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, குறைந்தது 10 வாட் தாங்கக்கூடிய 50 ஓம் டம்மி லோடை, அதாவது திறனை ஒலிபரப்பாமல் வெப்பமாக்கிவிடும் மின்தடையை, இணையுங்கள். சோதனைகள் அனைத்தும் டம்மி லோடிலேயே நடக்க வேண்டும். ஆன்டெனாவில் சோதித்தால் பிறர் பயன்படுத்தும் அலைவரிசையில் குறுக்கிடுவீர்கள் என்பதோடு, சுமை மாறிக்கொண்டே இருப்பதால் அளவீட்டையும் நம்ப முடியாது. ஆன்டெனாவில் இணைக்கும் நாளில் கைவசம் உரிமம் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மின்வழங்கியை 11 வோல்ட்டிலிருந்து 14 வோல்ட் வரை படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் வெளியீட்டைக் குறியுங்கள். முழு இயக்கத்தில் இருக்கும் பெருக்கியின் வெளியீடு ஏறக்குறைய மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 13.8 வோல்ட்டில் 8 வாட் தருவது 11 வோல்ட்டில் சுமார் 5 வாட்டாக இறங்கும். இந்தக் கணக்கை முதலில் போடுவதற்கு வலுவான காரணம் உண்டு. வளையத்தால் இருப்பதைக் குறைக்க முடியுமே தவிர, இல்லாததை உண்டாக்க முடியாது. மின்கலம் இறங்கிய நிலையிலும் 5 வாட் நிலையாக வர வேண்டுமானால், நிறைவான மின்னழுத்தத்தில் 8 வாட் தரும் ஆற்றல் கையிருப்பில் இருந்தாக வேண்டும். கையிருப்பு இல்லாத டிரான்ஸ்மிட்டரில் பொருத்திய வளையம் எப்போதும் முழு வீச்சிலேயே நின்றுகொண்டு, எதையும் கட்டுப்படுத்தாமல் இருக்கும்.

8 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு 2 டெசிபல்தான், கேட்பவர் காதுக்கு அது பெரிதாகத் தெரியாது என்பது உண்மை. இருந்தும் வளையம் தேவைப்படுவது வெளியீட்டு டிரான்சிஸ்டர் அளவுக்கு மீறிச் சூடாகாமல் இருப்பதற்கும், பொருந்தாத ஆன்டெனாவில் அது எரியாமல் இருப்பதற்கும், பெருக்கி நேர்கோட்டு எல்லையைத் தாண்டி அக்கம்பக்கத்து அலைவரிசைகளில் சிதறாமல் இருப்பதற்கும்தான்.

டைரக்ஷனல் கப்ளர்

திறனை அளக்கும் வேலை, முன்செல்லும் அலையையும் திரும்பி வரும் அலையையும் பிரித்துச் சிறு பங்கை எடுத்துத் தரும் டைரக்ஷனல் கப்ளரில் தொடங்குகிறது. ஃபெரைட் வளையங்கள் இரண்டில் தலா 10 சுற்றுச் சுற்றி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒற்றைக் கம்பியைச் செலுத்திச் செய்யும் இரட்டை மின்மாற்றி வகை, தொடக்கநிலையில் கட்டுவதற்கு ஏற்றது. 10 சுற்று என்றால் மின்னழுத்தம் பத்தில் ஒன்றாகவும், திறன் நூறில் ஒன்றாகவும் வெளியே எடுக்கப்படும், அதாவது 20 டெசிபல். 5 வாட் போகும்போது 50 ஓம் கம்பியில் உச்ச மின்னழுத்தம் 22.4 வோல்ட், எனவே கப்ளரின் முன்செல் முனையில் 2.24 வோல்ட் கிடைக்கும். முன்செல்லும் அலைக்கும் திரும்பி வரும் அலைக்கும் தனித்தனி முனைகள் இருக்கும். இரண்டையும் 50 ஓம் மின்தடையால் முடிக்க வேண்டும். 8 வாட்டில்கூட அதில் செலவாவது 80 மில்லி வாட்தான் என்பதால் கால் வாட் மின்தடை போதும்.

கட்டி முடித்ததும் திசையைச் சோதியுங்கள். டம்மி லோடை இணைத்த நிலையில் முன்செல் முனையில் கணக்கிட்ட மின்னழுத்தமும், மறுமுனையில் ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலையும் தெரிய வேண்டும். கப்ளரின் உள்வாயையும் வெளிவாயையும் மாற்றிப் பொருத்திவிட்டால் இது தலைகீழாகும். அந்த நிலையில் வளையத்தை மூடினால், அதாவது டிடெக்டரிலிருந்து பெருக்கி வரை முழுவதும் இணைத்து இயக்கினால், திறன் எதுவும் போகவில்லை என்று டிடெக்டர் சொல்ல, வளையம் இருப்பது அனைத்தையும் தள்ளிவிடும். ஐந்து நிமிடச் சோதனை ஒரு டிரான்சிஸ்டரைக் காப்பாற்றும்.

டிடெக்டர்

கப்ளரிலிருந்து வரும் உயர் அதிர்வெண் மின்னழுத்தத்தை நேர்திசை (டி.சி.) மின்னழுத்தமாக மாற்ற 1என்5711 போன்ற ஷாட்கி டயோடு ஒன்றும், 10 நானோ ஃபாரட் மின்தேக்கியும், 10 கிலோ ஓம் மின்தடையும் போதும். டயோடில் சுமார் கால் வோல்ட் இழப்பு இருப்பதால், 5 வாட்டுக்கு ஏறக்குறைய 2 வோல்ட் கிடைக்கும். 1 வாட்டுக்குக் கணக்கின்படி 1 வோல்ட் உச்சம் வந்தாலும், இழப்பு போகக் கிடைப்பது முக்கால் வோல்ட்தான். இன்னும் கீழே, பத்தில் ஒரு வாட் அளவில், டயோடின் இழப்பு சமிக்ஞையையே பெரும்பாலும் விழுங்கிவிடுவதால் அளவீடு நம்பகமாக இராது.

கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. டிடெக்டர் தருவது மின்னழுத்தம், நாம் பேசுவது திறன். திறன் பாதியானால் மின்னழுத்தம் பாதியாவதில்லை, 0.707 பங்காகிறது. எனவே குமிழின் நடுப்புள்ளி பாதித் திறனைத் தராது, ஏறக்குறைய கால் திறனையே தரும். அளவுக்கோட்டை எழுதும்போது இதை மறக்கக் கூடாது. சிறு திறனிலிருந்து பெருந்திறன் வரை டெசிபல் கணக்கில் சீராகக் கட்டுப்படுத்த வேண்டிய கருவிகளில், டெசிபலுக்கு 25 மில்லி வோல்ட் வீதம் தரும் ஏடி8307 போன்ற மடக்கை டிடெக்டர்களைப் பயன்படுத்துவது அதனால்தான். டயோடின் இழப்பு வெப்பத்தோடும் மாறும், சூடேற ஏற டிகிரிக்கு ஓரிரு மில்லி வோல்ட் குறையும். ஆகவே டிடெக்டரை வெளியீட்டு டிரான்சிஸ்டரின் வெப்பத்தகட்டுக்கு அருகில் வைக்காதீர்கள்.

ஒப்பிடும் சுற்றும் கட்டுப்படுத்தும் இடமும்

இரு உள்ளீடுகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைப் பெருக்கும் எல்.எம்.358 ஆப்-ஆம்ப் ஒன்றின் நேர் உள்ளீட்டில் குமிழிலிருந்து வரும் ஒப்பீட்டு மின்னழுத்தத்தைக் கொடுங்கள். எதிர் உள்ளீட்டில் 10 கிலோ ஓம் வழியாக டிடெக்டர் மின்னழுத்தத்தைக் கொடுங்கள். வெளியீட்டிலிருந்து எதிர் உள்ளீட்டுக்கு 100 நானோ ஃபாரட் மின்தேக்கியை இணைத்தால், வேறுபாட்டை நேரத்தோடு சேர்த்துக் கூட்டும் சுற்று கிடைக்கும். அதன் கால மாறிலி 1 மில்லி வினாடி. டிடெக்டரின் வடிகட்டியோ அதிகபட்சம் 100 மைக்ரோ வினாடி. இந்தப் பத்து மடங்கு இடைவெளி திட்டமிட்டு வைத்தது. வளையத்தில் மெதுவான கட்டம் ஒன்றுதான் இருக்க வேண்டும், மற்றவை அதைவிடத் தெளிவாக விரைவாக இருக்க வேண்டும். இரண்டு கட்டங்களின் வேகம் நெருங்கிவிட்டால் வளையம் தானாக ஆடத் தொடங்கும்.

ஆப்-ஆம்ப் வெளியீட்டை, வெளியீட்டுப் பெருக்கிக்கு முன்னுள்ள இயக்கிக் கட்டத்தின் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரின் கேட் மின்னழுத்தமாகக் கொடுப்பது நம் எடுத்துக்காட்டுக்கு எளிது. அது ஏறினால் இயக்கம் கூடும், இறங்கினால் குறையும். ஆனால் நேரடியாக இணைக்காதீர்கள். 9 வோல்ட்டில் இயங்கும் எல்.எம்.358 உச்சத்தில் சுமார் 7.5 வோல்ட் தரும், கேட்டுக்கோ 4 வோல்ட் போதும் என்று கொள்வோம். 10 கிலோ ஓம் தொடராகவும் 12 கிலோ ஓம் தரைக்குமாக இரண்டு மின்தடைகளை வைத்துப் பிரித்துக் கொடுத்தால், ஆப்-ஆம்ப் முழுமையாக மேலே முட்டி நின்றாலும் கேட் சுமார் 4 வோல்ட்டைத் தாண்டாது.

இந்த இரண்டு மின்தடைகளின் அருமையை நான் பட்டறிந்தே உணர்ந்தேன். நான் முதலில் கட்டிய சுற்றில் எல்லை எதுவும் வைக்கவில்லை. அரை மணி நேரம் ஒழுங்காக இயங்கியது. பிறகு பலகையைச் சற்று நகர்த்தியபோது திறன்மானியின் முள் ஒரே வீச்சில் வலது ஓரத்துக்குப் போனது, கையை எடுப்பதற்குள் வெளியீடு நின்றுவிட்டது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் டிடெக்டர் டயோடின் கால் ஒன்றில் ஈயம் பளபளப்பின்றி, கம்பியைச் சுற்றி முடியிழை போன்ற வளையமாக வெடித்திருந்தது. அந்த ஒரு சால்டர் இணைப்பு விட்டதும் டிடெக்டர் சுழியைக் காட்ட, வளையம் முழு வீச்சில் தள்ளியிருக்கிறது. அளக்கும் பகுதி பழுதானால் திறன் குறையும் என்று நான் எண்ணியிருந்தேன். இந்தச் சுற்றில் அது கூடும்.

வளையத்தை மூடுவதற்கு முன் அது சரியான திசையில் திருத்துகிறதா என்று சரிபார்க்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரின் வெளியீட்டுக் கட்டத்துக்கு மின்சாரம் தராமல், டிடெக்டர் முனையில் மேசை மின்வழங்கியிலிருந்து 0 முதல் 3 வோல்ட் வரை கொடுத்துப் பாருங்கள். ஒப்பீட்டு மின்னழுத்தம் 2 வோல்ட்டில் இருக்கையில், கொடுப்பது 2 வோல்ட்டைத் தாண்டியதும் ஆப்-ஆம்ப் வெளியீடு கீழே விழ வேண்டும். மாறாக மேலே ஏறினால் உள்ளீடுகள் இடம் மாறியுள்ளன. சரியாக இருப்பது உறுதியானதும், ஒப்பீட்டு மின்னழுத்தத்தை அரை வோல்ட்டுக்குக் குறைத்து, டம்மி லோடுடன் வளையத்தை மூடி, பிறகு மெல்ல உயர்த்துங்கள்.

முதல் சில மில்லி வினாடிகள்

பெரும்பாலான வழிகாட்டிகள் இதற்கு மேல் போவதில்லை. ஆனால் உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அதாவது டிரான்ஸ்மிட்டர் ஓய்வில் இருக்கும்போது, வளையம் என்ன செய்துகொண்டிருக்கிறது? ஒப்பீட்டு மின்னழுத்தம் 5 வாட் கேட்கிறது, டிடெக்டர் சுழியைக் காட்டுகிறது. எனவே கூட்டும் சுற்று மேலே ஏறி 7.5 வோல்ட்டில் முட்டி நிற்கிறது. அந்த நிலையில் விசையை அழுத்தினால் டிரான்ஸ்மிட்டர் 5 வாட்டில் அல்ல, 8 வாட்டில் தொடங்கும். டிடெக்டர் 2.6 வோல்ட் காட்டும், ஒப்பீடோ 2 வோல்ட், இடையே உள்ள வேறுபாடு சிறிது. மின்தேக்கியில் சேர்ந்திருப்பது அந்தச் சிறு வேறுபாட்டால் கரைய 5 மில்லி வினாடிக்கு மேல் ஆகும். ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் இது நிகழும். சராசரியைக் காட்டும் திறன்மானியில் இது தெரியவே தெரியாது. ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால், சமிக்ஞையின் தொடக்கத்தில் தோள் புடைத்தது போல உயர்ந்து, பின் இறங்கி 5 வாட்டில் சமன்படும். பின்னால் பெரிய பெருக்கி இணைந்திருந்தால் அதன் உள்ளீட்டுப் பகுதியை இந்தப் புடைப்பே பழுதாக்கும்.

தீர்வு எளிது. ஓய்வு நிலையில் 5 வோல்ட் தரும் கட்டுப்பாட்டுக் கம்பியிலிருந்து ஒரு டயோடும் 1 கிலோ ஓமும் வழியாக ஆப்-ஆம்பின் எதிர் உள்ளீட்டுக்கு இணைப்புக் கொடுங்கள். அதிகத் திறன் போவதாக வளையம் எண்ணிக்கொண்டு வெளியீட்டைச் சுழியிலேயே வைத்திருக்கும். விசையை அழுத்தியதும் அந்த 5 வோல்ட் விலக, வெளியீடு கீழிருந்து மேலே ஏறும். மேலே சொன்ன மதிப்புகளில் இதற்கு 3 அல்லது 4 மில்லி வினாடி ஆகும். மோர்ஸ் அனுப்புபவர்களுக்கு இதனால் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் கோடும் சட்டென்று வெட்டித் தொடங்காமல் சரிவாக ஏறுவதால், அக்கம்பக்கத்தில் கேட்கும் சொடுக்கு ஒலி குறையும்.

திரும்பி வரும் திறன்

கப்ளரின் மறுமுனையை இப்போது பயன்படுத்துவோம். ஆன்டெனா எவ்வளவு பொருந்தவில்லை என்பதைக் காட்டும் நிலையலை விகிதம் எஸ்.டபிள்யூ.ஆர். அது 2 ஆக இருக்கும்போது திரும்பி வரும் மின்னழுத்தம் முன்செல்வதில் மூன்றில் ஒரு பங்கு, திறனில் சுமார் 11 விழுக்காடு. 3 ஆனால் மின்னழுத்தத்தில் பாதி, திறனில் 25 விழுக்காடு. எல்.எம்.358-இல் இரண்டு ஆப்-ஆம்ப்கள் இருப்பதால், மீதமுள்ளதைக் கொண்டு திரும்பி வரும் மின்னழுத்தத்தை 3 மடங்கு பெருக்கி, முன்செல் மின்னழுத்தத்தோடு டயோடுகள் வழியாகச் சேருங்கள். இரண்டில் எது பெரியதோ அதையே வளையம் பார்க்கும். இந்த டயோடுகளிலும் சிறிது இழப்பு உண்டு என்பதால் ஒப்பீட்டு மின்னழுத்தத்தை மறுபடி சரிசெய்ய நேரும்.

டயோடு இழப்புகளை விட்டுக் கணக்கிட்டால், எஸ்.டபிள்யூ.ஆர். 2 வரை எதுவும் மாறாது. அதைத் தாண்டியதும் திரும்பி வரும் அலை கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கும். 3 ஆகும்போது முன்செல் திறன் 5 வாட்டிலிருந்து சுமார் 2.2 வாட்டுக்கு இறங்கும். ஆன்டெனாக் கம்பி முற்றிலும் அறுந்த நிலையில் அரை வாட்டுக்குச் சற்று மேல் மட்டுமே எஞ்சும். திறன் குறைகிறதே என்று இந்தப் பாதுகாப்பைத் துண்டிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், ஆன்டெனாவைச் சரிசெய்யுங்கள்.

குரலுக்கும் இலக்கமுறைச் சமிக்ஞைக்கும்

ஒற்றைப் பக்கப்பட்டையில் சமிக்ஞையின் உயரமே குரல். வளையம் மிக விரைவாக ஏறி இறங்கினால் குரலின் ஏற்ற இறக்கத்தையே அழித்துவிடும். எனவே இங்கே கட்டுப்பாடு இறங்குவதற்குச் சில மில்லி வினாடியும், மீண்டும் ஏறுவதற்கு அரை வினாடி அளவிலும் வைப்பார்கள். கட்டுப்படுத்தும் இடமும் மாறும். வெளியீட்டுப் பெருக்கியின் கேட் மின்னழுத்தத்தை ஆட்டினால் அதன் நேர்கோட்டுத் தன்மை கெடும் என்பதால், இடைநிலை அதிர்வெண் கட்டத்தில், சிறு சமிக்ஞை நிலையிலேயே பெருக்கத்தைக் குறைக்க வேண்டும். வீச்சுப் பண்பேற்றத்தில் இது இன்னும் கடுமையான கட்டுப்பாடு. வளையம் மிகத் தாழ்ந்த குரல் அதிர்வெண்ணைவிட நன்கு மெதுவாக இல்லாவிட்டால், பண்பேற்றத்தையே பிழை என்று கருதிச் சமன்செய்துவிடும்.

கடையில் வாங்கிய டிரான்சீவரை (அனுப்பவும் பெறவும் ஒன்றாக உள்ள கருவியை) பயன்படுத்துபவர் ஏ.எல்.சி. முள்ளைப் பார்த்து மைக்ரோபோன் குமிழை அமைக்க வேண்டும். பேச்சின் உச்சங்களில் மட்டும் முள் சற்று அசைந்து, குறிக்கப்பட்ட பகுதிக்குள்ளேயே திரும்பினால் அமைப்பு சரி. முள் எப்போதும் வலப்புறமே சாய்ந்திருந்தால் குரல் வலுவாகப் போகவில்லை, நசுங்கிப் போகிறது. பி.எஸ்.கே.31 போன்ற, உயரம் மாறும் இலக்கமுறைச் சமிக்ஞைகளுக்குக் கணினியின் ஒலி அளவைக் குறைத்து, முள் அசையத் தொடங்கும் புள்ளிக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். அங்கே ஏ.எல்.சி. இயங்கினாலே சமிக்ஞை அகன்று பக்கத்திலிருப்பவர்மேல் படரும்.

வெளிப் பெருக்கியிலிருந்து எதிர் மின்னழுத்தத்தை டிரான்சீவருக்குத் திருப்பியனுப்பும் ஏ.எல்.சி. கம்பி ஒன்றும் பல கருவிகளில் உண்டு. அதை மிகையான இயக்கத்துக்கு எதிரான கடைசித் தடுப்பாக மட்டும் வையுங்கள். அன்றாட அளவை டிரான்சீவரின் திறன் குமிழிலேயே அமையுங்கள்.

இதுவரை பார்த்தது ஒரே பெட்டிக்குள் அடங்கும் வளையம். செல்பேசியிலும் நுண்ணலை இணைப்புகளிலும் இதற்கு மேலே இன்னொரு வளையம் இயங்குகிறது, அங்கே அளப்பது மறுமுனையிலுள்ள ரிசீவர். ஐ.எஸ்.-95 சி.டி.எம்.ஏ. என்ற பழைய செல்பேசி முறையில் கோபுரம் வினாடிக்கு 800 முறை திறனைக் கூட்டு அல்லது குறை என்று ஒவ்வொரு கைபேசிக்கும் கட்டளையிட்டது. அருகிலிருப்பவரின் சமிக்ஞை தொலைவிலிருப்பவரை மூழ்கடிக்காமல் இருக்க அந்த வேகம் தேவைப்பட்டது. அங்கும் கட்டளையை நிறைவேற்றியது கைபேசிக்குள் இருந்த சிறு கட்டுப்பாட்டுச் சுற்றுதான்.

இறுதிச் சோதனை

ஒப்பீட்டு மின்னழுத்தத்தை 5 வாட்டுக்கு அமைத்து, மின்வழங்கியை மீண்டும் 11 முதல் 14 வோல்ட் வரை மாற்றி, முதலில் குறித்துவைத்த எண்களுக்கு எதிரே புதிய எண்களை எழுதுங்கள். வெளியீடு குறிப்பிடத்தக்க அளவு மாறினால் பிழை எங்கே என்று பின்வருமாறு பிரித்தறியலாம். டிடெக்டர் மின்னழுத்தம் நிலையாக இருந்து திறன்மானி மட்டும் மாறினால் கப்ளரையோ டயோடின் வெப்பத்தையோ பாருங்கள். டிடெக்டரும் சேர்ந்து மாறி, ஆப்-ஆம்ப் வெளியீடு 7.5 வோல்ட்டில் முட்டியிருந்தால் கையிருப்பு போதவில்லை. ஆசிலோஸ்கோப்பில் சமிக்ஞையின் விளிம்பு அலையலையாக நெளிந்தால் வளையம் ஆடுகிறது, 100 நானோ ஃபாரட்டை 220 ஆக்கிப் பாருங்கள். நெளிவு நின்றால் காரணம் அதுவே. நிற்காவிட்டால் உயர் அதிர்வெண் ஆப்-ஆம்புக்குள் புகுந்திருக்கக் கூடும், கட்டுப்பாட்டுக் கம்பியில் ஃபெரைட் மணியும் தரைக்கு 1 நானோ ஃபாரட்டும் போடுங்கள்.

பிறகு பத்து நிமிடம் தொடர்ந்து இயக்கி, தொடக்கத்திலும் முடிவிலும் ஆப்-ஆம்ப் வெளியீட்டைக் குறியுங்கள். டிரான்சிஸ்டர் சூடேறி அதன் பெருக்கம் இறங்க, அதை ஈடுகட்ட அந்த மின்னழுத்தம் மெல்ல ஏறியிருக்கும். எவ்வளவு ஏறியது, உச்சத்துக்கு இன்னும் எவ்வளவு இடம் மீதமிருக்கிறது என்ற இரண்டு எண்களையும் பெட்டி மூடியின் உட்புறத்தில் தேதியோடு எழுதி ஒட்டிவிட்டு மூடியைத் திருகுங்கள். ஓராண்டு கழித்து அதே சோதனையில் வெளியீடு 5 வாட்டாகவே இருந்தும் அந்த மின்னழுத்தம் முன்பைவிட மேலே நின்றால், பெருக்கியில் ஏதோ ஒரு பகுதி தேய்ந்துவருகிறது, அதை வளையம் மறைத்துக்கொண்டிருக்கிறது.